டொசேனாவை எந்தத் திண்ணையில் உட்கார வைப்பது?

அகழிக்கரை | ஞாயிறு, இரவு 9.40

இன்று மாலை வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. 16ஆம் நூற்றாண்டு வேலை. அந்தக் கிளியைச் செதுக்கியவன் பெயர் எவருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் தம் விருந்தாளிகளுக்கு, வெள்ளைக்காரன் இந்த மண்டபத்தைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்ததையும், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கியதையும் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆல்சியோ டொசேனா நினைவுக்கு வந்தார். இத்தாலியில் கிரெமோனாவில் 1878இல் பிறந்தவர், கல்லிலும் மரத்திலும் கைதேர்ந்தவர். கிரேக்கச் சிலை வேண்டுமா, ரோமுக்கு முந்தைய இத்தாலியின் எட்ரஸ்கன் வேண்டுமா, மறுமலர்ச்சிக் கால மாதா வேண்டுமா, எதையும் அந்தந்தக் காலத்துச் சிற்பியாகவே மாறிச் செய்வார். ரோம் நகரத்து வியாபாரிகள் அவரிடம் சொற்பக் காசுக்கு வாங்கி, 'பழையது' என்று அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். பாஸ்டன் அருங்காட்சியகம், 15ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி மீனோ டா ஃபீசொலே செய்தது என்று நம்பி, ஒரு கல்லறைச் சிற்பத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அதுவும் இவர் கைவேலைதான். 1928இல் டொசேனாவே வியாபாரிகள் மேல் வழக்குப் போட, குட்டு உடைந்தது. 'நான் செய்தேன், அவர்கள் எப்படி விற்றார்கள் என்று எனக்குத் தெரியாது' என்றார்.

என் கேள்வி இவ்வளவுதான். இந்த மனிதர் நம் பக்கம் பிறந்திருந்தால் அவரைப் பெருந்தச்சர் என்று பட்டு போர்த்தியிருப்போமா, கள்ளச் சிலைக்காரர் என்று ஒதுக்கியிருப்போமா? நம் ஸ்தபதியிடம் நாம் கேட்பதே 'பழைய மாதிரி' என்பதுதானே?

மிளகாய்ப்பொடி | ஞாயிறு, இரவு 9.52

பட்டு போர்த்தியிருப்போம். கூலி பாக்கி வைத்திருப்போம்.

கண்காணி | ஞாயிறு, இரவு 10.15

அகழிக்கரை ஐயா, கள்ளச் சிலைக்குக் கவிதை பாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தஞ்சைப் பக்கம் சிவபுரத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர். செப்பனிட என்று கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது புதிதாக வார்த்த நகல். அசல் கைமாறிக் கைமாறி, 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைச் சேகரிப்பாளர் ஏறத்தாழ ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கு, பேரம் எல்லாம் முடிந்து 1986இல்தான் நாடு திரும்பியது. அந்த நகலை வார்த்த கையும் திறமையான கைதான். நல்ல கை இல்லாவிட்டால் அர்ச்சகரே முதல் நாளிலேயே கண்டுபிடித்திருப்பார். திறமை அங்கே திருட்டுக்குச் சாவி.

பழைய பீரோ | திங்கள், காலை 6.05

நான் அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன். கண்காணி சொன்னதில் ஒரு துணுக்கைச் சேர்க்கிறேன். சிவபுரத்தில் நிற்பது நகல் என்று முதலில் வெளிப்படையாக எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், 1960களில். நம்மவர்கள் அதன்பின்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

பூசையில் இருந்த செப்புத் திருமேனிக்கும், புதைந்து கிடந்ததற்கும், நேற்று வார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட சிலைக்கு மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். எண்ணெய், பால், சந்தனம், பிறகு புளி போட்டுத் தேய்த்துத் துலக்குவது. மார்புப் பூணூலின் புரி மறைந்து ஒரு வழவழப்பாக நிற்கும். ஆனால் முதுகுப் பக்கம், கை எட்டாத இடுக்குகளில் உளிக் கோடு கூர்மையாகவே இருக்கும். கள்ள வேலைக்காரன் முன்னும் பின்னும் ஒரே அளவாகத் தேய்த்துவிடுவான். புதைந்து கிடந்ததற்குப் பச்சைக் களிம்பு உண்டு. பூசையிலேயே இருந்ததாகக் கதை சொல்லிக்கொண்டு மேலெல்லாம் பச்சையாக ஒரு சிலை வந்தால் சொல்பவர் முகத்தைப் பாருங்கள், சிலையைப் பார்க்க வேண்டாம்.

கருவி வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். உள்ளே களிமண் கரு இருந்தால் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் காலம் கணிக்கலாம். நம் சோழச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு, கருவே கிடையாது. கல்லுக்கு அதுவும் இல்லை. கல்லின் வயது மலையின் வயது. செதுக்கிய நாளைக் கல் சொல்லாது.

அதனால்தான் அமெரிக்காவில் கெட்டி அருங்காட்சியகம் 1985இல் வாங்கிய கிரேக்க இளைஞன் சிலைக்குப் பக்கத்தில் 'கி.மு. 530 அல்லது நவீனப் போலி' என்று எழுதி வைத்திருந்தது. பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. 2018இல் காட்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆரணிப்பட்டு | திங்கள், காலை 8.30

நான் ஓவிய ஆசிரியை. டொசேனாவின் அந்தப் பாஸ்டன் கல்லறையைப் பற்றி என் மாணவர்களிடம் சொல்லும் ஒரு செய்தி உண்டு. சிற்பத்தில் குறை காண முடியவில்லை. மாட்டிவிட்டது எழுத்து. அதில் உள்ள லத்தீன் வாசகம் 'மேற்படி மரியா கேத்தரினா சாவெல்லி 1430இல் இறந்தார்' என்று வரும். கல்லறையில் 'மேற்படி' எங்கிருந்து வரும்? மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லையே! ஏதோ புத்தகத்தில் இருந்த வரியை அப்படியே பெயர்த்துப் பொறித்திருக்கிறார்கள். மீனோ பிறந்ததே 1430ஐ ஒட்டித்தான். தொட்டிலில் கிடந்தபடியே கல்லறை செதுக்கினார் போலும்.

மிளகாய்ப்பொடி | திங்கள், காலை 8.41

நம் ஊர்ப் பத்திர எழுத்தர் யாரோ உதவியிருக்கிறார். மேற்படியார் மேற்படி ஊரில் மேற்படி கல்லறையில்.

அகழிக்கரை | திங்கள், காலை 9.10

ஆக உளி பொய் சொல்லவில்லை, காகிதம்தான் சொன்னது. நான் சொல்ல வந்ததும் இதைத்தான். டொசேனா கல்லைச் செதுக்கினார். 'மீனோ' என்ற பெயரைச் செதுக்கியவன் வியாபாரி.

சத்துவாச்சாரி வக்கீல் | திங்கள், பகல் 1.20

உணவு இடைவேளையில் எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருளைக் காக்கிறது. பழையதைப் போன்ற புதியதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. புதியதைப் பழையது என்று விற்றால் அது வெறும் ஏமாற்றுக் குற்றம், பழைய 420. செய்தவர் தெரிந்தே உடந்தையாக இருந்தாரா என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். செய்தது மட்டும் குற்றமாகாது.

இதில் ஒரு வேடிக்கை. புதிதாகச் சிலை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நேர்மையான ஸ்தபதி, 'இது தொல்பொருள் அன்று' என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அசல் சோழச் சிலையைக் கடத்துபவனோ 'கைவினைப் பொருள்' என்று காகிதத்தில் எழுதிப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவான். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014இல் திரும்பி வந்தாரே, அவரைக் கடத்திய கும்பலின் வழியும் அதுதான். ஊருக்குள் புதியது பழையதாகிறது. துறைமுகத்தில் பழையது புதியதாகிறது.

கல்தச்சன் பேரன் | திங்கள், இரவு 11.30

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், கல்தச்சர். செய்யாற்றைத் தாண்டி ஒரு கிராமம். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989இல் பிரிப்பதற்கு முன் எல்லாமே வட ஆற்காடு. அம்மிக் கல்லும் கொத்துவார், அம்மனும் செய்வார். கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் ஒரு வேலைக்கு, மந்தமாக ஒலித்தால் வேறு வேலைக்கு என்று ஒதுக்குவார். நூலைக் காவிக் கரைசலில் தோய்த்து இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். கல்லில் சிவப்புக் கோடு விழும். ஒரு நாளில் இருபது முப்பது உளி மழுங்கும். மாலையில் அத்தனையையும் உலையில் காய்ச்சித் தட்டித் தோய்த்து வைத்தால்தான் மறுநாள் வேலை. துருத்தி இழுத்தது என் அம்மா.

எழுபதுகளில் ஒரு வியாபாரி வந்திருக்கிறார். கையில் ஒரு புகைப்படம். எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கை, பலகைக் கல்லில் புடைப்புச் சிற்பம், மூன்றடி உயரம். இதேபோல் வேண்டும் என்றார். தாத்தா நான்கு மாதம் உழைத்தார். கொண்டுபோக வந்த அன்று வியாபாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'வலப்பக்க முன்கையை மணிக்கட்டோடு தட்டிவிடுங்கள்' என்றாராம். தாத்தாவுக்குப் புரியவில்லை. பின்னமான சிலைக்குப் பூசை கிடையாதே, எந்தக் கோயிலில் வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். வியாபாரி சிரித்துவிட்டு வாசலில் கிடந்த சம்மட்டியை எடுத்து அவரே தட்டினாராம். தாத்தா உள்ளே போய்விட்டார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விரல்கள் நான்கு திண்ணைக்குக் கீழே விழுந்தன என்றாள்.

இரண்டு ஆண்டு கழித்து விசாரணைக்கு ஆள் வந்தது. 'பல்லவர் காலத் துர்க்கை' ஒன்று பிடிபட்டிருக்கிறது, எந்தக் கோயிலில் திருடியது என்று கேட்டார்கள். நான் செய்தது என்று தாத்தா சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேருக்கு அவர் சிலைத் திருடர், பாதிப் பேருக்குக் கள்ளச் சிலை செய்பவர். அதன்பிறகு எந்தத் திருப்பணியிலும் அவரை அழைக்கவில்லை. வழக்கு எதுவும் இல்லை, தண்டனை இல்லை, பேர் மட்டும் போயிற்று. கடைசி வரை அம்மி கொத்தினார்.

ஆரணிப்பட்டு | செவ்வாய், காலை 6.50

படித்துவிட்டு ரொம்ப நேரம் கை ஓடவில்லை, தம்பி.

உங்கள் தாத்தாவைப் போல ஒருவர் பாரிசில் நின்றிருக்கிறார். அங்கே லூவர் அருங்காட்சியகம் 1896இல் இரண்டு லட்சம் பிராங்குக்கு ஒரு பொன் முடி வாங்கியது. கருங்கடல் பக்கத்துப் பழங்காலச் சித்திய மன்னன் சாய்டாஃபெர்னெசுக்குக் கிரேக்கர்கள் கொடுத்தது என்றார்கள். உண்மையில் அதைச் செய்தவர் ஒடெசாவைச் சேர்ந்த ரூகமோவ்ஸ்கி என்ற பொற்கொல்லர். யாருக்கோ அன்பளிப்பு என்று சொல்லித்தான் அவரிடம் செய்து வாங்கியிருந்தார்கள். செய்தி தெரிந்து 1903இல் பாரிசுக்கு வந்து 'நான்தான் செய்தேன்' என்றார். நிபுணர்கள் நம்பவில்லை. பட்டறை கொடுத்து, முடியின் ஒரு பகுதியைக் கண்ணெதிரே செய்யச் சொன்னார்கள். செய்து காட்டினார். அவர் பேர் கெடவில்லை, வளர்ந்தது. உங்கள் தாத்தாவுக்கு ஒரு கல்லும் நான்கு மாதமும் கொடுக்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கண்காணி | செவ்வாய், காலை 9.25

பேரன் தம்பிக்கு என் வருத்தம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். டொசேனா தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஆனால் பளிங்குக்குப் பழமை ஏற்றும் பக்குவத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். எதற்காக ஏற்றுகிறோம் என்று தெரியாமலா ஏற்றினார்? உங்கள் தாத்தா கையை உடைக்கவில்லை, சரி. நான்கு மாதம் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டே செய்தவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா?

பழைய பீரோ | செவ்வாய், காலை 10.10

கண்காணி, கொஞ்சம் மெதுவாக. மைக்கேலாஞ்சலோ இருபது வயதில் தூங்கும் மன்மதன் ஒன்றைச் செதுக்கினார். அதை மண்ணில் புதைத்துப் பழையதாக்கி ரோம் நகரத்துக் கர்தினால் ரியாரியோவிடம் விற்றார்கள். தரகர் வாங்கியது 200 டுக்கட் பொற்காசு, சிற்பிக்கு வந்தது 30. பொய் வெளிப்பட்டதும் கர்தினால் தரகரிடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சிற்பியை ரோமுக்கு அழைத்துக்கொண்டார். இது 1496இல். அவரைக் கள்ளர் என்று யாராவது சொல்கிறோமா? பின்னால் செய்தவை பெரிதாக இருந்ததால் முன்னால் செய்தது குறும்பு ஆகிவிட்டது. பின்னால் செய்ய வாய்ப்பே கிடைக்காதவனுக்கு முன்னால் செய்ததுதான் மொத்தக் கணக்கும்.

பேரன் தம்பி, ஒரு கேள்வி, தொழில்முறைக் கேள்வி. துர்க்கையின் கைச் சக்கரம் நேராகத் தெரிந்ததா, ஓரம் திரும்பியிருந்ததா? சுடர்கள் இருந்தனவா? பல்லவர் வேலையில் சக்கரம் எறிவதற்கு ஓங்கியதுபோல் ஓரம் காட்டி நிற்கும், சுடர் இருக்காது. நம் காலத்துத் தச்சர்கள் பழக்க தோஷத்தில் சுடர் வைத்துவிடுவார்கள்.

மிளகாய்ப்பொடி | செவ்வாய், காலை 10.22

இந்த இழையில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கல்தச்சன் பேரன் | செவ்வாய், இரவு 10.05

அம்மாவிடம் கேட்டேன். இத்தனை ஆண்டில் இதைக் கேட்டதில்லை.

தாத்தா வழக்கம்போலச் சுடர் வைப்பதற்குக் காவிக் கோடு போட்டிருந்தாராம். வேலையைப் பார்க்க நடுவில் ஒரு முறை வந்த வியாபாரி, சுடர் வேண்டாம், சக்கரத்தைத் திருப்பிவிடுங்கள் என்றாராம். ஏன் என்று தாத்தா கேட்டாரா என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'கேட்டார். முன்பணம் செலவான பிறகு கேட்டார்' என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

கண்காணி ஐயா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறைக்கவில்லை.

கண்காணி | செவ்வாய், இரவு 10.40

நான் கேட்டது கடுமையாகப் போய்விட்டது. அம்மாவுக்கு என் வணக்கம்.

சத்துவாச்சாரி வக்கீல் | புதன், காலை 7.15

அந்தச் சிலை இப்போது எங்கே?

கல்தச்சன் பேரன் | புதன், காலை 7.40

ஏதோ ஒரு கிடங்கில், வாலாயமான சீட்டோடு, 'பல்லவர்' என்று எழுதிக் கிடப்பதாகக் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு முன் மாமா ஒருமுறை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அது புதியது என்று நிறுவ எங்களிடம் என்ன இருக்கிறது? பழைய பீரோ ஐயாவே சொல்லிவிட்டார், செதுக்கிய நாளைக் கல் சொல்லாது என்று.

அகழிக்கரை | புதன், காலை 8.00

டொசேனாவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், நான்தானே தொடங்கினேன். 1933இல் நியூயார்க்கில் அவருடைய 39 சிற்பங்களை அவர் பெயரிலேயே ஏலம் விட்டார்கள். 'இது அசல் டொசேனா' என்று ஒவ்வொன்றுக்கும் இத்தாலிய அரசின் சான்றிதழ். மொத்தமும் சேர்த்து 9,000 டாலர் சொச்சம்தான் தேறியது. முன்பு மீனோ பெயரில் ஒரே ஒரு சிற்பம் லட்சம் டாலர். அதே கை, அதே உளி. 1937இல் இறந்தார். முதல் பதிவில் நான் கேட்டதைத் திருத்திக்கொள்கிறேன். அவரை எங்கே உட்கார வைப்பது என்பதைவிட, தம் பெயரோடு அவர் வந்தபோது நாம் ஏன் எழுந்து போனோம் என்று கேட்டிருக்க வேண்டும்.

பழைய பீரோ | புதன், காலை 8.35

பேரன் தம்பி, நாளைக் கல் சொல்லாது என்றேன். ஊரைச் சொல்லாது என்று சொல்லவில்லை. பலகைச் சிற்பம் என்றால் பின்பக்கத்தைப் பெரும்பாலும் கரடாகவே விட்டுவிடுவார்கள். உங்கள் தாத்தா கல்லைப் பிளந்தது எப்படி? வரிசையாக ஆப்புக் குழி வெட்டி, ஆப்பு இறக்கிப் பிளந்திருப்பார். பிளந்த இரண்டு துண்டுகளின் விளிம்பிலும் பாதிப் பாதிக் குழி நிற்கும். அதன் மறுபாதி எங்கே போயிற்று?

கல்தச்சன் பேரன் | புதன், காலை 9.02

ஐயா, கை நடுங்குகிறது. எங்கள் கிணற்றடியில் துணி துவைக்கும் கல் அதுதான். தாத்தா 'துர்க்கைக்குத் தங்கை' என்று சொல்வாராம். கேலி என்று நினைத்திருந்தோம்.

பழைய பீரோ | புதன், காலை 9.06

யாரையும் அதன்மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். விளிம்பை மட்டும் கழுவுங்கள், சுரண்ட வேண்டாம். குழிகளை எண்ணி, ஒவ்வொன்றின் அகலம், ஆழம், இடைவெளி எல்லாவற்றையும் அளந்து அனுப்புங்கள். காகிதம் ஒட்ட வைத்துக் கரி தேய்த்துப் படி எடுக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் பஸ் ஏறி வருகிறேன்.

சத்துவாச்சாரி வக்கீல் | புதன், காலை 9.15

அளக்கும்போது ஊர்க்காரர் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அவரைக் கள்ளச் சிலைக்காரர் என்று சொன்னவர்கள் யாராவது இருந்தால் அவர்களையே வையுங்கள்.

கல்தச்சன் பேரன் | சனி, பகல் 12.50

ஊருக்கு வந்துவிட்டேன். பழைய பீரோ ஐயா நேற்றே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா காபி கொடுத்திருக்கிறாள். கல்லைப் புரட்டலாம் என்றால், 'துவைத்து முடித்துவிடுகிறேன், இரு' என்றாள். காத்திருந்தோம்.

இப்போது புரட்டியாயிற்று. கீழ்ப்புற விளிம்பில் பதினொரு பாதிக் குழிகள். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். ஏழாவது மட்டும் சாய்ந்திருக்கிறது, அங்கே கல்லில் ஒரு வெள்ளை நரம்பு ஓடுகிறது. படி எடுத்தாயிற்று, காகிதம் கொடியில் காய்கிறது.